பிலிப்பியில் ஒரு சின்ன இருட்டறை

"கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்கிற வேதாகம வசனம் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு கோபம் இருந்தது. அம்மா எட்டு மாதம் படுக்கையில் இருந்தபோது பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள், நாங்கள்தான் விழித்திருந்தோம்.

அதனால் அந்த வசனத்தை எழுதிய பவுல், இயேசுவைப் பற்றி ஊர் ஊராகப் பிரசங்கித்தவர், நடந்த இடங்களைப் பார்க்கும் குழுவோடு கிரேக்கத்துக்குக் கிளம்பியபோதுகூடப் பெரிய பக்தியோடு போனேன் என்று சொல்ல மாட்டேன். வேதாகமத்தில் நெயாப்போலி என்று வரும் துறைமுகம்தான் இன்றைய கவாலா. அங்கிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் பிலிப்பி. 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் இன்று அது ஊர் இல்லை, இடிந்த தூண்களும் வெயிலும்தான். ரோமர் போட்ட எக்னேஷியா சாலையின் கற்கள் அப்படியே கிடக்கின்றன. ஒரு தேவாலயத் தரையின் மொசைக்கில் பவுலின் பெயர் கிரேக்க எழுத்தில் இருக்கிறது.

அப்புறம் பவுலை அடைத்து வைத்த சிறை. சிறை என்று காட்டுகிறார்களே தவிர, அது பழைய தண்ணீர்த் தொட்டியாக இருந்திருக்கும் என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். பிற்காலத்தில் அதை ஜெபிக்கிற இடமாக மாற்றியிருக்கிறார்கள். எனக்கு அது ஏமாற்றமாக இல்லை. இந்த அறையோ பக்கத்தில் வேறொன்றோ, நடந்தது இந்த ஊரில்தானே. வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன், நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும் போலிருந்தது.

குழுவில் ஒரு அக்கா, அந்தச் சம்பவம் வரும் அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தை வேதாகமத்திலிருந்து வாசித்தார்கள். அநேக அடி அடித்து, உட்காவலறையில் போட்டு, கால்களைத் தொழுமரத்தில், அதாவது கால் அசையாதபடி பூட்டும் மரக்கட்டையில், மாட்டி வைத்திருக்கிறார்கள். நடுராத்திரியில் பவுலும் அவரோடு அடைபட்ட சீலாவும் பாடுகிறார்கள். பூமி அதிர்ந்து கதவு திறந்தது அதற்கு அப்புறம்தான், விடுதலையாகிவிட்டோம் என்று பாடிய பாட்டு இல்லை அது, முதுகுக் காயத்தைக்கூட யாரும் இன்னும் கழுவவில்லை. இத்தனை வருஷம் வாசித்தும் இந்த வரிசை என் மண்டையில் ஏறவே இல்லை.

அந்தச் சந்தோஷ வசனத்தைப் பவுல் பின்னால் இதே ஊர் சபைக்குத்தான் எழுதினார், அதுவும் இன்னொரு காவலில் விலங்கோடு இருந்துகொண்டு. அதே கடிதத்தில், சாகக் கிடந்து பிழைத்த தன் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்துவைப் பற்றிச் சொல்லும்போது, "துக்கத்தின்மேல் துக்கம்" தனக்கு வராதபடிக்கு தேவன் இரங்கினார் என்று எழுதுகிறார். துக்கமே தெரியாத ஆள் எழுதும் வார்த்தையா இது? எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவராவது இந்த வரியைச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அம்மாவுக்கு வலி கூடுவது பெரும்பாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு மேல்தான். அப்போது மெல்ல ஏதாவது பாட்டை முனகுவார்கள், பாதி வார்த்தை வராது. "பேசாம தூங்கும்மா" என்று சலித்துக்கொண்டே பக்கத்தில் படுத்திருப்பேன். வலியை மறக்கத்தான் பாடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். வலி போகவில்லை, பாட்டும் நிற்கவில்லை. கடைசி வாரம் வரைக்கும்.

அந்த அக்கா அடுத்த வரியையும் வாசித்தார்கள்: "காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. குழுவில் எல்லாரும் பாட ஆரம்பித்தார்கள். நான் பாடவில்லை. சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.