படங்கள் நன்றாக வந்திருக்கின்றன

எம்.ஆர்.ஐ. மேசையிலிருந்து இறங்கி, காதடைப்பான்களை எடுத்து என் கையில் கொடுத்தபடியே அந்த அம்மா கேட்டார்: "ஏதாவது தெரிஞ்சுதா தம்பி?" நான், "படங்கள் நல்லா வந்திருக்கும்மா, விவரமெல்லாம் டாக்டர் சொல்வார்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவுதான் இன்னும் என்னை உறுத்துகிறது.

நான் சொன்னதில் பொய்யில்லை. அசையாமல் படுத்திருந்தார், படங்கள் துல்லியமாகவே பதிவாகியிருந்தன. இடது காதில் மட்டும் ஓயாத இரைச்சல், அதே காதில் கேட்கும் திறனும் குறைவு என்று மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தார். இரைச்சல் ஒரு பக்கம் மட்டும் என்றால், காது நரம்பை அழுத்தும் கட்டி ஏதும் உண்டா என்று பார்த்துவிடச் சொல்வது வழக்கம்; பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருப்பதில்லை. மெல்லிய குறுக்குவெட்டுப் படங்களில் உள்காதுக் குழாயின் நீர் வெள்ளையாகவும், அதற்குள் நரம்புகள் கறுப்பு இழைகளாகவும் தெரியும். அவருக்கு வலப்பக்கம் அப்படித்தான் இருந்தது. இடப்பக்கத்தில் இழைகள் ஓரிடத்தில் மிளகளவு திரண்டு நின்றன; படத்தில் வேறுபாட்டை எடுத்துக்காட்டும் கடோலினியம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றிய பிறகு அதே இடம் பளிச்சென்று வெளுத்தது.

அறிக்கை எழுதுவது கதிரியல் மருத்துவரின் வேலை, என்னுடையதன்று. நரம்பில் அழற்சி இருந்தாலும் அப்படி வெளுக்கக்கூடும். கட்டியாகவே இருந்தாலும் அந்த இடத்தில் வருவது பெரும்பாலும் புற்றுநோயல்லாத, மெதுவாக வளரும் வகைதான். பலருக்கு உடனே கத்தி வைக்காமல், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதே போதுமானதாக இருக்கிறது. இதையெல்லாம் அந்த வாசலில் நின்று நான் அரைகுறையாகச் சொல்லியிருந்தால் அது இதைவிடப் பெரிய பிழையாகியிருக்கும். ஆனால், 'நல்லா' என்ற சொல்லை ஏன் போட்டேன்? எங்கள் பேச்சில் அது படத்தின் தரத்தைக் குறிக்கும். அவருக்கு அது உடம்பைக் குறித்தது. அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார் என்பது தெரிந்தும் நான் திருத்தவில்லை.

காதடைப்பானை வைத்தபோது, "வெளிச்சத்தம் அடங்கினா இதுதான் பெரிசாக் கேக்குது" என்றிருந்தார். முதல் வரிசைப் படங்கள் முடிந்து மைக்கில் விசாரித்தபோதோ, "உங்க மிஷின் போடுற சத்தத்துல என் இரைச்சல் காணாமப் போச்சு தம்பி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் 'எனக்குத் தெரியாது' என்று முகத்தை இறுக்கிக்கொள்ள வரவில்லை. கருணை என்று இதைச் சொல்லிக்கொள்ளலாம். சங்கடத்திலிருந்து தப்பித்தேன் என்றும் சொல்லலாம்.

அதன் பிறகு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். "படங்கள் பதிவாகிவிட்டன, அறிக்கையை மருத்துவர் தருவார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சென்ற வாரம், என் கண்ணுக்கு இருபுறமும் குறையின்றித் தெரிந்த படங்களை எடுத்து முடித்துவிட்டு, ஓர் இளைஞரிடம் அதையே சொன்னேன். அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அப்ப ஏதோ இருக்கு, இல்லையா சார்?" என்று கேட்டார். அவரிடமும் அதே வாக்கியத்தைத்தான் இன்னொரு முறை சொன்னேன்.