கொல்லிமலையில் கூடாரம் போட இடம் தேடி

21 டிசம்பர் 2024, சனி

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி செம்மேடு வரும்போது மதியமாகிவிட்டது. ஜனவரி கடைசியில் சாரணர் பிள்ளைகளை இங்கே அழைத்து வருகிறோம். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் தங்க முடியாது, அதனால் தெரிந்த பெரியவர் ஒருவரின் பட்டா நிலத்தில்தான் இடம் பார்க்கிறோம்.

முதலில் ஓடைக்கரைக்குப் போனோம். வெள்ளை மணல், சமதரை, பக்கத்திலேயே தண்ணீர். யாருக்கும் பிடித்துவிடும். ஆனால் கரையிலிருந்த புதர்களில் இடுப்பு உயரத்துக்குச் சருகும் குச்சியும் சிக்கிக் கிடந்தன. போன மழையில் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. "மேல பேஞ்சா இங்க தெரியாது தம்பி. சத்தம் கேக்குறப்ப தண்ணி வந்துரும்" என்றார் பெரியவர். இந்த ஆண்டு மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. எவ்வளவு அழகான இடமானாலும் சரி, பிள்ளைகளை அங்கே படுக்கவைக்க மாட்டேன்.

22 டிசம்பர், ஞாயிறு

பள்ளத்தில் அறுவடை முடிந்த நெல் வயல் ஒன்று இருக்கிறது. வரப்பு முழுக்க எலி வளை. எலி இருந்தால் பாம்பும் வரும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், தரையில் தூங்குபவர்களைத்தான் அதிகம் கடிக்கும், கடிபட்டதே பல நேரம் தெரியாது. அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை.

சாலைக்குக் கீழே மண்ணை வெட்டிச் சமன்செய்த இடம் வேன் நிறுத்த வசதியானது. அதையும் வேண்டாம் என்றேன். ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீடுகள் மேல் விழுந்து ஏழு பேர் இறந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வெட்டிய மண்சுவர் இன்னும் ஈரமாக, வெடிப்பு விட்டு நிற்கிறது. மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் தோப்பில் நல்ல நிழல். ஆனால் அந்த மரத்தின் கிளை காற்றுக்குச் சட்டென்று முறியும். நிழலைப் பகலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் பார்த்தது சாமை அறுத்த மேட்டுக்காடு. ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். தேங்காமல் மெதுவாகக் கிழக்கே ஓடி, கொஞ்ச நேரத்தில் மண்ணில் இறங்கிவிட்டது. இந்த அளவு சரிவுதான் வேண்டும். மேட்டுப்பக்கம் தலைவைத்துப் படுத்தால் போதும். வடகிழக்கில் வரிசையாகப் பலாமரங்கள் நிற்பதால் இந்தப் பருவத்துக் காற்று நேராக அடிக்காது. கூடாரத்தை அந்த மரங்களை விட்டுத் தள்ளித்தான் போட வேண்டும்.

5 ஜனவரி 2025, ஞாயிறு

நேற்றிரவு அந்த மேட்டிலேயே தங்கினோம். விடியற்காலையில் வயல் பள்ளம் முழுக்கப் பனிமூட்டம், மேட்டில் ஓரளவு தெளிவு. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவெல்லாம் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்கிவிடுகிறது. கீழே போய்ப் பார்த்தபோது குளிர் நன்றாகவே உறைத்தது. மேட்டில் கூடாரத்தின் வெளித்துணிகூட அதிகம் நனையவில்லை.

தண்ணீர் கொஞ்சம் தூரம். பெரிய பையன்கள் முறைபோட்டுக் குடத்தில் எடுத்து வரட்டும், அதுவும் முகாமின் பாடம்தான். கழிப்பிடக் குழி ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, சரிவின் மறுபக்கம்.

மேற்கு ஓரத்தில் காய்ந்த புல் நிறைய இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறியவர்களைத் தீ சூழ்ந்ததை மறந்துவிட்டு நெருப்பு மூட்ட எனக்கு மனம் வராது. பெரியவரிடம் கேட்டேன், புல்லை அறுத்து மாட்டுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அப்புறமும் அடுப்பு கூடாரங்களைவிட்டு விலகி, சுற்றிலும் வெறும் மண் தெரியும் இடத்தில்தான். செம்மேடு மருத்துவமனைக்குப் போக ஒரு வண்டி இரவு முழுக்கத் தயாராக நிற்க வேண்டும் என்று ஓட்டுநர் தம்பியிடம் சொல்லிவிட்டேன். முகாமுக்கு முந்தைய நாட்களில் மழை பெய்தால் நாளைத் தள்ளிவைப்போம், பெற்றோருக்கும் அதை இப்போதே எழுதி அனுப்புகிறேன்.