தேநீர்த் தட்டில் செல்லுலோஸ்: இரண்டு முயற்சிகள்

சர்க்கரை சேர்த்துப் புளிக்கவைக்கும் கொம்புச்சா தேநீரின் மேல் படியும் வழுவழுப்பான ஏட்டைப் பலரும் எடுத்து எறிந்துவிடுகிறார்கள். கொமகடைபாக்டர் என்னும் பாக்டீரியா குளுக்கோஸ் மூலக்கூறுகளை நீளமாகக் கோத்து வெளித்தள்ளும் செல்லுலோஸ் இழைகளே பின்னிப் பிணைந்து அந்த ஏடாகின்றன. இதைச் செல்லுலோஸ் என்று ஏட்ரியன் ஜான் பிரவுன் 1886-இலேயே கண்டறிந்து எழுதினார். மரத்திலிருந்து பிரித்தெடுப்பதைப் போல மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் என்னும் பொருளை நீக்க வேண்டிய வேலை இதில் இல்லை. நீரையும் நிறையப் பிடித்துவைக்கும். அதனால்தான் புண்ணுக்கும் தீக்காயத்துக்கும் போடும் கட்டுகளுக்கு இது பயன்படுகிறது. நான் வளர்த்தது வெறும் பொழுதுபோக்குக்காக. வீட்டில் விளைந்ததை யாரும் புண்ணில் வைக்கக் கூடாது.

முதல் முயற்சியில், ஒரு லிட்டர் தேயிலைச் சாற்றில் 80 கிராம் சர்க்கரையைக் கரைத்து, நன்றாக ஆறிய பின் 150 மில்லி பழைய கொம்புச்சாவை ஊற்றி, அகலமான கண்ணாடித் தட்டில் வேட்டித் துணியால் மூடி வைத்தேன். ஐந்தாம் நாள் பாலாடை போன்ற மெல்லிய ஏடு தெரிந்தது. ஒன்பதாம் நாள், புளித்த வாடை தாங்கவில்லை என்று வீட்டில் சொன்னதால் தட்டை வேறு அறைக்கு மாற்றினேன், கெட்டது அங்கேதான். இந்தப் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டுமாதலால் அது மேற்பரப்பில்தான் இழை நூற்கும். தட்டு ஆடியதில் ஏட்டின் ஒரு மூலை அமிழ, அதன்மேல் புதிதாக இன்னொன்று வளர்ந்தது. பதினாறாம் நாள் எடுத்தபோது அந்த மூலை வெங்காயச் சருகைப் போல இரண்டாகப் பிரிந்து வந்தது.

இரண்டாம் முயற்சிக்கு, கல்யாணச் சமையலுக்குத் தேங்காய் உடைத்த இடத்திலிருந்து முற்றிய தேங்காயின் தண்ணீரைக் கேட்டு வாங்கி வந்தேன். பிலிப்பைன்ஸில் நாட்டா டி கோகோ என்னும் இனிப்புப் பண்டத்தைச் செய்வதும் இதே முறையில்தான். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, சர்க்கரையும் வினிகரும் முதல் தட்டின் நீரும் சேர்த்துப் பரண்மேல் வைத்துவிட்டு, இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிசிறில்லாத ஒரே ஏடாக வந்தது.

அந்த ஏட்டை, ஒரு லிட்டருக்கு 4 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரில், கையுறை அணிந்துகொண்டு, ஒரு மணி நேரம் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடேற்றினேன். எவர்சில்வர் பாத்திரம்தான் ஆகும். அலுமினியத்தை அந்தக் கரைசல் அரித்துவிடும். இதில் பாக்டீரியாவும் ஒட்டியிருந்த புரதமும் கரைந்துபோக, லிட்மஸ் தாளின் நிறம் மாறுவது நிற்கும் வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலசியதும், ஏடு நுங்கைப் போல் பளிச்சென்று ஆனது.

ஈரத்தில் 290 கிராம் இருந்த அதை இரண்டாக நறுக்கினேன். அப்படியே உலர்த்திய பாதி 2 கிராம்கூடத் தேறவில்லை. எண்ணெய்த்தாள் போல விறைத்தது. திரும்ப ஊறவைத்தும் பழைய பருமன் வரவில்லை, ஏனெனில் உலரும்போது இழைகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றோடொன்று இறுகிவிடுகின்றன. கிளிசரின் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்திய மறுபாதி மட்டும் மடித்தாலும் முறியாமல் இருக்கிறது. இப்போது பரணில் மூன்றாம் தட்டு இருக்கிறது. அதைத் தொடக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.