தாலி கட்டும் நிமிடத்தை வைத்து பிட்ரேட்டை முடிவு செய்யுங்கள்

பழைய கல்யாண டிவிடியை எம்பி4 ஆக மாற்ற எத்தனை பிட்ரேட் (வினாடிக்குச் செலவிடும் தரவின் அளவு) வைக்கலாம்? எல்லா டிவிடிக்கும் பொருந்துகிற ஒரே எண் கிடையாது. அந்த வீடியோவில் எந்தக் காட்சி என்கோடரை, அதாவது வீடியோவைச் சுருக்கும் மென்பொருளை, திணறடிக்கிறதோ, அந்தக் காட்சியில்தான் விடை இருக்கிறது. நம் கல்யாண வீடியோக்களில் அது பெரும்பாலும் முகூர்த்த நிமிடம்.

வீடியோவைச் சுருக்கும்போது என்கோடர் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக எழுதுவதில்லை. முந்தைய ஃபிரேமில் இருந்ததை எடுத்துக்கொண்டு, மாறியதை மட்டும் எழுதுகிறது. வரவேற்பில் சொந்தக்காரர்கள் வரிசையாக மேடையேறி போட்டோவுக்கு நிற்கிறார்களே, அங்கே மாறுவது சொற்பம். ஒரு எம்பிபிஎஸ் (வினாடிக்கு 1,000 கிலோபிட், அதாவது 1,000 கேபிபிஎஸ்) கூடச் செலவாகாது. கெட்டிமேளம் கொட்டியதும் நிலைமை தலைகீழாகிறது. நாலு பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது, ஒவ்வொரு அரிசியும் ஃபிரேமுக்கு ஃபிரேம் வேறு இடத்தில். ஹோமப் புகை நிலையான விளிம்பில்லாமல் சுழல்கிறது. கேமரா ஃபிளாஷ் அடித்த கணத்தில் முழுப் படமும் வெளுத்து, உடனே பழைய நிறத்துக்குத் திரும்புகிறது. முந்தைய ஃபிரேமால் எந்தப் பயனும் இல்லை, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். அந்த நேரத்தில் பிட்ரேட் 1,500 கேபிபிஎஸ் என்று பூட்டிக் கிடந்தால், தாலி ஏறும் காட்சி கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அதே 1,500 வரவேற்பில் வீணாகிறது.

ஆகவே ஃபைல் இத்தனை ஜிபிக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால் பிட்ரேட்டைத் தொடவே வேண்டாம். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் வீடியோ டேபைத் திறந்து, என்கோடராக எச்.264 (எக்ஸ்264) எடுத்து, கான்ஸ்டன்ட் குவாலிட்டியில் ஆர்எஃப் என்ற தர எண்ணை மட்டும் வையுங்கள்; காட்சிக்கு ஏற்ப பிட்ரேட்டை அதுவே ஏற்றி இறக்கிக்கொள்ளும். டிவிடி அளவுப் படத்துக்கு 18 முதல் 22, 1080பி-க்கு 20 முதல் 24 சரியான வரம்பு. எண் குறையக் குறைய தரமும் ஃபைல் அளவும் ஏறும். 6 எண் குறைத்தால் அளவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். டிவிடிக்கு 20-இல் தொடங்குங்கள்.

முழு வீடியோவையும் ஓடவிடுவதற்கு முன் ஒரு சோதனை. ரேஞ்ச் என்ற இடத்தில் சாப்டருக்குப் பதிலாக செகண்ட்ஸ் என்று மாற்றி, முகூர்த்தத்தின் 60 வினாடிகளை மட்டும் என்கோட் செய்யுங்கள். அதை ஃபோனில் பார்த்துத் திருப்திப்படக் கூடாது, சின்னத் திரை எல்லாக் குறையையும் மறைத்துவிடும். டிவியில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் அரக்குச் சிவப்புக் கூறைப்புடவையின் மடிப்புகள். நிற விவரம் வெளிச்ச விவரத்தைவிடக் குறைவாகத்தான் பதிவாகிறது என்பதால், ஆழ்ந்த சிவப்பில் சேதம் சீக்கிரம் தெரியும். ஜரிகைக்கும் சிவப்புக்கும் நடுவில் நிறம் வழிந்து சதுரங்களாக நின்றால் எண்ணை 18-க்கு இறக்குங்கள். மூல டிவிடியிலேயே அப்படித்தான் இருக்கிறதா என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள், மூலத்தில் இல்லாததை எந்த பிட்ரேட்டும் கொண்டுவராது. மேலும், இந்த ஒரு நிமிடத்தின் அளவை மொத்த நிமிடங்களால் பெருக்கிப் பார்த்து மிரள வேண்டாம். இருப்பதிலேயே கனமான நிமிடம் இது.

அளவுக் கட்டாயம் வருகிற இடம் பென் டிரைவ். பழைய டிவிகள் பல ஃபேட்32 வடிவத்தை மட்டும் படிக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்குள் இருக்க வேண்டும். துல்லியமாகச் சொன்னால் 4,294,967,295 பைட். மூன்று மணி நேரக் கல்யாணம் என்றால் 10,800 வினாடி. பைட்டை 8-ஆல் பெருக்கி வினாடியால் வகுத்தால் சுமார் 3,180 கேபிபிஎஸ். ஃபைலின் கட்டமைப்புக்கும் சிறு பிசகுக்கும் 3 சதவீதம் விட்டுவிடுங்கள். ஒலிக்கு 160 கழியுங்கள். மிச்சம் 2,900 சொச்சம். ஹேண்ட்பிரேக்கில் ஆவரேஜ் பிட்ரேட்டில் 2900 என்று அடித்து, மல்டி-பாஸ் என்கோடிங்கை டிக் செய்யுங்கள். முதல் ஓட்டத்தில் எந்த இடம் கனம், எந்த இடம் லேசு என்று அளந்து, அடுத்த ஓட்டத்தில் வரவேற்பில் மிச்சம் பிடித்ததை முகூர்த்தத்தில் செலவழிக்கும். நேரம் கூடுதலாகும், ஆனால் அளவு கட்டாயமாக இருக்கும்போது இதைத் தவிர்க்கக் கூடாது.

இந்த 2,900 டிவிடியின் 720×576 படத்துக்குத் தாராளம். இதே எண் 1080பி வீடியோவுக்குப் போதாது, ஏனென்றால் அங்கே பிக்சல்கள் ஐந்து மடங்கு. அப்படிப்பட்ட வீடியோவை முகூர்த்தம், வரவேற்பு என்று இரண்டு ஃபைலாகப் பிரிப்பதுதான் நல்லது.

பிட்ரேட்டைச் சத்தமில்லாமல் தின்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று இன்டர்லேஸ். நம் ஊர் டிவிடிகள் பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில் வந்தவை. கேம்கார்டரில் எடுத்த படத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் வெவ்வேறு கணத்தில் பிடித்த இரண்டு பாதிகளின் கலவை. அதைப் பிரிக்காமல் மாற்றினால் அசைகிற கைகளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் நிற்கும், என்கோடர் அந்தக் கோடுகளைக் காப்பாற்றவே பிட்டைக் கொட்டும். ஃபில்டர்ஸ் டேபில் டீஇன்டர்லேஸைப் போடுங்கள். பிடபிள்யூடிஃப், பாப் என்று தேர்ந்தெடுத்தால் வினாடிக்கு 50 ஃபிரேம் கிடைத்து நாதஸ்வரக்காரர் விரல் அசைவு கூட வழுக்கிக்கொண்டு வரும். அளவு கொஞ்சம் ஏறும், ஏறட்டும்.

மற்றது புள்ளி இரைச்சல். விஎச்எஸ் கேசட்டிலிருந்து டிவிடிக்கு ஏற்றியதில் இருட்டான மூலையெல்லாம் நமநமவென்று கொதிக்கும். என்கோடருக்கு அதுவும் அட்சதை மாதிரிதான். டீநாய்ஸில் என்எல்மீன்ஸ், லைட் போதும், அதே ஆர்எஃப்பில் ஃபைல் நன்றாகவே இளைக்கும். அதற்கு மேல் ஏற்றினால் முகங்கள் மெழுகுப் பொம்மை ஆகிவிடும்.

ஒலியில் கஞ்சத்தனம் வேண்டாம். 96 கேபிபிஎஸ் ஏஏசியில் (எம்பி4-இல் வழக்கமான ஒலிச் சுருக்க முறை) நாதஸ்வரத்தின் மேல்சுருதிக் கூர்மை மழுங்கக்கூடும், 160 வையுங்கள். சில டிவிடிகளில் ஒலி சுருக்கப்படாத பிசிஎம் ஆக 1,536 கேபிபிஎஸ்ஸில் இருக்கும். அதை ஏஏசியாக மாற்றாமல் விட்டால் மேலே போட்ட கணக்கு முழுதும் குலையும்.

வீடியோ ஏற்கெனவே எச்.264 ஆக இருந்து, எம்கேவி என்ற வேறு ஃபைல் வடிவத்தில் இருப்பதால் மட்டும் டிவி மறுத்தால், பிட்ரேட் கேள்வியே எழாது. ஹேண்ட்பிரேக் எப்போதும் மறுபடி என்கோட் செய்துவிடும், அது இங்கே வேண்டாம். அவிடெமக்ஸ் என்ற மென்பொருளில் வீடியோவுக்கும் ஆடியோவுக்கும் காப்பி என்று வைத்து, வெளியீட்டை எம்பி4 மக்ஸர் ஆக்கிச் சேமியுங்கள். சில நிமிடங்களில் முடியும், ஒரு பிக்சலும் மாறாது.

மாற்றிய பிறகும் டிவிடியில் வீடியோ பதிந்திருக்கும் மூல விஓபி ஃபைல்களை ஹார்ட் டிஸ்கில் அப்படியே வைத்திருங்கள். ஒரு டிஸ்க் 4.7 ஜிபிதான். டிஸ்க் கீறல் விழுந்து படிக்காமல் போகலாம், பின்னாளில் வேறு என்கோடரில் மாற்றத் தோன்றினால் எம்பி4-இலிருந்து தொடங்குவதைவிட விஓபியிலிருந்து தொடங்குவதுதான் நல்லது.