ஜமக்காளத்துக்கு 50 லக்ஸ் போதும்

அருங்காட்சியகத்தில் வைக்கும் கொடுமணல் சூதுபவள மணி, கரூர் ரோமானிய நாணயம் இதெல்லாம் விளக்கு வெளிச்சத்துக்கு அசராது. கவலையெல்லாம் பழைய பவானி ஜமக்காளம், நீர்வண்ண ஓவியம், கையெழுத்துக் காகிதம் பற்றித்தான். லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு. இவற்றுக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200. அதைத் தாண்ட வேண்டாம்.

சாயம் வெளுப்பது இதுவரை பட்ட மொத்த வெளிச்சத்தின் கணக்கு. 50 லக்ஸில் தினம் 8 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்றால் 1,20,000 லக்ஸ்-மணி. 100 லக்ஸ் வைத்தால் அதே சேதம் பாதி நாட்களிலேயே வந்துவிடும். ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் போட்டால் கணக்கு நன்றாகவே இறங்கும்.

பத்து 50 வாட் ஹாலோஜனைக் கழற்றி 7 வாட் எல்இடி மாட்டினால் 500 வாட் 70 ஆகிறது. ஏசிக்கும் சுமை குறையும். ஈரோட்டுச் சித்திரை வெயிலில் இது சின்ன விஷயமில்லீங்க. ஒளியின் நிறம் 2700–3000 கெல்வின் (இளமஞ்சள் சாயல்), நிறத்தை உள்ளபடி காட்டும் அளவான சிஆர்ஐ 90க்கு மேல் பார்த்து வாங்குங்க. மலிவான வெள்ளை எல்இடி ஸ்ட்ரிப்பில் நீல ஒளி தூக்கலாக இருக்கும். புற ஊதா இல்லை என்பதற்காக அதை நம்பிவிட முடியாது.

பலரும் கோட்டை விடுவது எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவரில். கண்ணாடிப் பெட்டிக்குள் அதை வைத்தால் சூடேறி உள்ளே ஈரப்பதம் குறையும், ஓலைச்சுவடி முறுகி விரிசல் விடும். பெட்டிக்கு வெளியே, கை எட்டும் இடத்தில் வையுங்க. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மருக்கு ஒத்துவராத டிரைவர் என்றால் விளக்கு மினுக்கும். லக்ஸ் மீட்டரைத் துணியின் பரப்பிலேயே வைத்து அளக்கணும். போன் ஆப் இதற்கு ஆகாது.