அப்பாவின் காதுக்கு ஒத்துவரும் படங்கள்

ஜனவரி 4, 2025, சனி

அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. நாங்கள் பேசுவது கேட்கிறது, வாசலில் பால்காரர் மணி அடிப்பது கேட்கிறது. படம் பார்க்க உட்கார்ந்தால் மட்டும் பத்தே நிமிடத்தில் கழற்றி வைத்துவிடுகிறார். "பேச்சும் மேளமும் ஒண்ணா வந்து மண்டைக்குள்ள இடிக்குதும்மா" என்கிறார். மெஷின் எல்லாச் சத்தத்தையும் சேர்த்தேதான் தூக்கிக் கொடுக்கிறது. வசனத்துக்கு அடியில் இசை ஓடினால் இரண்டும் குழம்பிப் போகிறது. முப்பத்தொரு வருஷம் தியேட்டர் ஆபரேட்டராக இருந்த மனுஷர், வீட்டில் படம் ஓடும்போது கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த மாதம் லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் காதுக்கு ஒத்துவரும் படமாகப் போடலாம் என்று முடிவு செய்தேன். பாட்டில்லாத படம் என்றதும் முதலில் நினைவுக்கு வந்தது ‘அந்த நாள்’. 1954, ஏவி.எம். தயாரிப்பு. இயக்கிய எஸ். பாலசந்தர் பெரிய வீணை வித்வான். அப்படிப்பட்டவர் ஒரு பாட்டுக்கூட வேண்டாம் என்று துணிந்து எடுத்திருக்கிறார்.

துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி விழுகிறார், படம் அப்புறம்தான் தொடங்குகிறது. சென்னை ஜப்பான் குண்டுக்குப் பயந்துகொண்டிருந்த 1943. சி.ஐ.டி. அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து விசாரிக்கிறார். ஒவ்வொருவர் வாயிலும் செத்துப்போன ராஜன் வேறு வேறு ஆளாக வருகிறான். எல்லாமே பேச்சு. யார் பேசினாலும் மற்றவர்கள் பேசாமல் நின்று கேட்கிறார்கள். அப்பாவுக்கு அதுதானே வேண்டும்!

முழுப் படத்துக்கும் அவர் மெஷினைக் கழற்றவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

காலையில் காபி குடிக்கும்போது அப்பாவே ஆரம்பித்தார். "ராஜன் பொண்டாட்டியா வர்ற பண்டரிபாய் முகத்தைக் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணுமே காட்டிக்கிடலையே அந்தம்மா." நேற்று முழுக்க எனக்குக் கண் சிவாஜி மேல்தான் இருந்தது. இன்னொரு தடவை பண்டரிபாய்க்காகவே பார்க்க வேண்டும்.

அப்பாவின் தியேட்டரில் பாட்டு வந்தால் பாதிக் கூட்டம் பீடி குடிக்க எழுந்து போய்விடுமாம். ஆபரேட்டருக்கும் அப்போதுதான் ஒரு வாய் டீ குடிக்க நேரம் கிடைக்கும்.

ஜனவரி 11, சனி

இன்று என் விதியை நானே மீறினேன். ‘உதிரிப்பூக்கள்’ போட்டேன். 1979ல் வந்த மகேந்திரன் படம். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’தான் அவருக்குக் கிடைத்த வித்து. இளையராஜா இசை இருக்கிறது, பாட்டு இருக்கிறது. அப்பா கழற்றி வைத்துவிடுவார் என்று பயந்துகொண்டேதான் போட்டேன்.

பார்த்தது பழைய பிரிண்டிலிருந்து எடுத்த பிரதி. கீறலும் புள்ளியுமாக ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் அப்பா திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து, டி.வி.யின் மேல் வலது மூலையைக் காட்டினார். "பாத்தியா, புள்ளி!" நான் பார்ப்பதற்குள் போய்விட்டது. திரும்ப ஓட்டினேன். கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு சின்ன வட்டம், ஏழெட்டு வினாடி கழித்து இன்னொன்று. ரீல் முடியப்போகிறது என்பதற்கு அடையாளமாம் அது. முதல் வட்டம் வந்தால் அடுத்த புரொஜக்டரின் மோட்டாரைப் போட வேண்டும். இரண்டாவது வட்டம் வந்ததும் இந்த வெளிச்சத்தை மூடி அந்த வெளிச்சத்தைத் திறக்க வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவருக்கு ரீல் மாறியதே தெரியக் கூடாது. இதற்கு நடுவில் புரொஜக்டருக்கு வெளிச்சம் தரும் இரண்டு கார்பன் குச்சிகளும் எரிந்து எரிந்து இடைவெளி கூடும். அதைக் கையால் திருகி நெருக்கிக்கொண்டே இருக்காவிட்டால் திரை மஞ்சளடித்துவிடும். இவ்வளவும் சொல்லும்போது அவருடைய வலது கை தானாகவே திருகிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாகப் படம் பார்க்கிறேன், அந்த மூலையை ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

‘அழகிய கண்ணே’ வந்தபோது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஜானகி பாடுவது அவருக்குத் துளிகூடக் கேட்டிருக்காது. அஸ்வினியின் முகத்தையும் பிள்ளைகளையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், உதடு மட்டும் லேசாக அசைந்தது. பாட்டு முடிந்த சரியான இடத்தில் எடுத்து மாட்டிக்கொண்டார். "எங்க தியேட்டர்ல மூணு வாரம் ஓடுச்சும்மா. ஒரு நாளைக்கு நாலு தடவை" என்றார்.

கடைசிக் காட்சியைப் பற்றி எழுத முயன்று இரண்டு தடவை அடித்துவிட்டேன். ஊரே சேர்ந்து சுந்தரவடிவேலுவை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகிறது. அவன் கெஞ்சவில்லை. உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேனே, நான் செய்த பெரிய தப்பு அதுதான் என்கிறான். விஜயன் அதைச் சொல்வதில் திமிரும் இல்லை, அழுகையும் இல்லை. நம் சினிமாவில் ஒரு கெட்டவனுக்கு இவ்வளவு மரியாதையான சாவை வேறு யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை. கரையில் நிற்கிற அவன் பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

ஜனவரி 15, புதன், மாட்டுப்பொங்கல்

வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு அப்பாவும் நானும் ‘வீடு’ பார்த்தோம். பாலு மகேந்திரா, 1988. இதிலும் பாட்டு கிடையாது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம்.

வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சுதா தன் பெயரில் ஒரு சின்ன வீடு கட்டக் கிளம்புகிறாள். கடன், பிளான், கான்ட்ராக்டர், சிமெண்ட் மூட்டை. சண்டை இல்லை, துரத்தல் இல்லை, ஆனாலும் அடுத்து என்ன ஆகுமோ என்று வயிறு கலங்குகிறது. நாங்கள் இந்த வீட்டைக் கட்டிய வருஷம் அம்மா நகையெல்லாம் அடகுக்குப் போனது. அந்த வருஷம் அப்பா காலைக் காட்சிக்கும் சேர்த்து வேலை பார்த்தார்.

தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பாதி எழும்பிய அந்த வீட்டைத் தனியாகப் பார்க்கப் போகிறார். பூசாத சுவரைத் தடவுகிறார். அறை அறையாக நடக்கிறார். இங்கே ஒரு வார்த்தை பேச்சில்லை. இளையராஜா மட்டும். அப்பா இந்த முறை மெஷினைக் கழற்றவில்லை. பேச்சு இல்லாதபோது இசை தனியாக வந்தால் நன்றாகவே கேட்கிறதாம். இது எனக்குத் தோன்றவே இல்லை. பாட்டு இல்லாத படம் வேண்டும் என்று தேடினேனே, உண்மையில் அவருக்கு வேண்டியது ஒன்றின் மேல் இன்னொன்றை ஏற்றாத படம்.

தாத்தா திரும்பும் வழியில் இறந்துபோகிறார். சித்தப்பா எழுந்து வந்து "இந்த நல்ல நாள்ல ஏன்ண்ணே இதைப் போட்டுப் பாக்குறீங்க" என்று கோபப்பட்டார். அப்பா கையமர்த்திவிட்டார்.

ஜனவரி 19, ஞாயிறு

‘கூழாங்கல்’. பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம். 2021ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. ஒண்ணேகால் மணி நேரம்தான். குடிகார அப்பன், பள்ளிக்கூடத்திலிருந்து அவன் இழுத்துக்கொண்டு வரும் பையன், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட அம்மா. திரும்பி வரும்போது பஸ்ஸுக்குக் காசில்லை. பையன்தான் கிழித்துப் போட்டுவிட்டான். கொதிக்கிற வெயிலில் இருவரும் நடந்தே வருகிறார்கள்.

அப்பா இதில் கேட்ட சத்தங்களை அவர் சொன்னபடியே இங்கே குறித்துவைக்கிறேன்: செருப்பு மண்ணில் தேய்வது. காற்று. பையன் வாய்க்குள் கூழாங்கல்லைப் புரட்டுவது. கடைசியில் சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை. நாக்கு வறளாமல் இருக்கக் கல்லை வாயில் அடக்கிக்கொள்வது அவருக்குப் பழக்கமான விஷயம். அதனால் பார்த்ததுமே கேட்டுவிட்டதோ என்னவோ.

முடிவில் பெண்கள் ஊற்றுக் குழியைச் சுற்றி உட்கார்ந்து, ஊற ஊறத் தண்ணீரை மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். கேமரா அவசரமே படவில்லை. இதற்கு முன்னால் பார்த்த எல்லாக் கோபமும் எங்கிருந்து வந்தது என்று அந்தக் குழி சொல்லிவிடுகிறது. அப்பா பேசாமல் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்தார்.

படம் எடுத்தது மேலூர் பக்கம் அரிட்டாபட்டியில். டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று இந்த மாதம் மதுரை வரைக்கும் கிளம்பி வந்தார்களே, அந்த மக்களின் மண்.

ஜனவரி 26, ஞாயிறு

வியாழக்கிழமை டங்ஸ்டன் சுரங்க ஏலம் ரத்து என்று செய்தி வந்ததும் அப்பா எனக்கு போன் செய்தார். "அந்தப் பய நடந்த காடு தப்பிச்சிருச்சும்மா" என்றார்.

இன்று அதே வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’. பின்னணி இசையே கிடையாது. மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சாமியாரிடம் கூட்டிப்போகிறார்கள். ஒரு ஷேர் ஆட்டோ, கூடவே பைக்குகள், பலிக்கு ஒரு சேவல். மீனாவாக வரும் அன்னா பென் அனேகமாக வாயே திறப்பதில்லை. அவளைச் சுற்றி இருக்கிற அத்தனை பேரும் பேசுகிறார்கள்.

தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு சூரி கரகரத்துப் பேச ஆரம்பித்ததும் அப்பா படத்தை நிறுத்தச் சொன்னார். மெஷினைக் கழற்றித் துடைத்தார், பேட்டரியை மாற்றினார், மாட்டினார். திரும்பவும் அதே கரகரப்பு. "என் மெஷின்ல கோளாறா, இல்ல அவன் தொண்டையே அப்படியா?"

"அவருக்குத்தாம்ப்பா தொண்டை கட்டியிருக்கு."

"அப்ப எனக்குச் சரியாத்தான் கேக்குது" என்று சொல்லி, நாற்காலியை டி.வி.க்கு இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். காட்சியை முதலிலிருந்து ஓட்டினேன்.