இரண்டு பருவங்களுக்கு நடுவே 14 நாட்கள்

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் இந்த நாட்களில், சென்னையில் நடப்பது கோடையா மழைக்காலமா என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. பகலில் புழுக்கம் சட்டையை முதுகோடு ஒட்டவைக்கிறது. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையைத் தேடவைக்கிறது. ஆண்டுதோறும் ஏறக்குறைய இதே வாரத்தில்தான் எனக்குத் தொண்டை கட்டும், பசி மந்தமாகும், காரணம் தெரியாத அசதி வரும். வெகுகாலம் இவற்றை மாத்திரையால் அடக்கிக்கொண்டிருந்தேன். உடல் ஒரு பருவத்துப் பழக்கத்தை விட்டு மறு பருவத்துக்குத் தன்னைத் தயார் செய்துகொள்ள அவகாசம் கேட்கிறது என்பது தாமதமாகத்தான் புரிந்தது.

ஆயுர்வேதம் இந்த இடைக்காலத்தை ருது சந்தி என்கிறது. முடிகின்ற பருவத்தின் கடைசி ஏழு நாட்களும் தொடங்குகின்ற பருவத்தின் முதல் ஏழு நாட்களும் சேர்ந்த அந்த 14 நாட்களில், பழைய வழக்கங்களை ஒரேயடியாகக் கைவிடாமல் சிறிது சிறிதாகக் குறைத்து, புதியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும் என்பது விதி. வெயிலுக்கு உடல் பழகுவதற்கு இன்றைய உடலியல் சொல்லும் கணக்கும் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரங்கள்தான் என்று அறிந்தபோது எனக்குச் சிலிர்த்தது. அந்த நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது. வியர்வையோடு வெளியேறும் உப்பு குறைகிறது. பங்குனித் தொடக்கத்தில் தெருமுனை வரை நடந்ததற்கே தலை சுற்றியவர், சித்திரையில் அதைவிடக் கடுமையான வெயிலைத் தாங்குவது இதனால்தான். பகல் முழுவதும் குளிரூட்டிய அறையிலேயே இருப்பவர்களுக்கு இது வாய்ப்பதில்லை.

கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊரில் அப்பாயி இதை அடுப்படியிலேயே நடத்திக்காட்டினார். கோடை முழுவதும் எங்களுக்குக் காலையில் பழைய சோறும் மோரும்தான். புரட்டாசிக் கடைசியில் ஈரக்காற்று வீசத் தொடங்கியதும் மோரில் தட்டிய சுக்கும் பெருங்காயமும் சேரும்; அடுத்த வாரம் பழைய சோறு ஒருநாள் விட்டு ஒருநாளாகும்; மழை நன்றாகப் பிடித்த பிறகுதான் சுடுகஞ்சியும் தூதுவளைத் துவையலும் வரும். பரிமாறுமுன் எங்களை வெளிச்சத்துக்கு இழுத்து நாக்கை நீட்டச் சொல்வார். வெள்ளை படிந்திருந்தால் அன்று இரவு மிளகு ரசம் சோறு மட்டுமே. அடம்பிடித்தால், "பசி எடுக்குதாய்யா, வாய் கேக்குதா?" என்பார். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல இன்றும் எனக்கு ஒரு நொடி தேவைப்படுகிறது.

மழைக்காலத் தாகத்தைத்தான் நான் கவனிக்கத் தவறினேன். சென்னை ஆண்டு மழையில் பாதிக்குமேல் வடகிழக்குப் பருவக்காற்றால் பெறுகிறது. ஊரே நனைந்து கிடக்கையில் தண்ணீர் குடிக்கும் எண்ணம் வருவதில்லை. குளிர்ச்சியில் தோலையொட்டிய இரத்தக்குழாய்கள் சுருங்கி இரத்தம் உடலின் நடுப்பகுதியில் கூடுவதால், நீர் மிகுந்திருப்பதாகக் கொண்டு சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. தாக உணர்வும் மங்கிவிடுகிறது. ஒரு கார்த்திகையில் மூன்று வாரங்கள் தொடர்ந்து பிற்பகல்தோறும் தலைவலித்தது. ஈரக்காற்றைக் குறைசொல்லிக்கொண்டு காப்பியைக் கூட்டினேன். சிறுநீர் நல்லெண்ணெய் நிறத்தில் போவதைக் கண்ட பிறகுதான் உறைத்தது. வெதுவெதுப்பான சீரகத் தண்ணீரைக் குடுவையில் நிரப்பி மேசைமேல் வைத்து, தாகத்துக்குக் காத்திராமல் குடிக்கத் தொடங்கினேன். அந்த வாரத்திலேயே தலைவலி விலகியது.

தூக்கமும் மாறுகிறது. சென்னையில் மார்கழிப் பகல், ஆனிப் பகலைவிட ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் குறைவு. கண் சீக்கிரம் சொருகினால் நான் இப்போது விளக்கை அணைத்துவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மழை மாதங்களில் வரும் காய்ச்சலைப் பருவ மாற்றம் என்று தள்ளிவிடாதீர்கள். டெங்கு பரவும் காலம் இது. காய்ச்சல் இரண்டு நாட்களாகியும் விடவில்லையென்றால் கசாயத்தை நம்பியிராமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இன்று காலை கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தேன், வெள்ளை படிந்திருந்தது. மதியம் மோரில் சுக்குத் தட்டிப் போட்டேன். இரவுக்கு மிளகு ரசம்.